பென்டாக்ஸ் பாப்பிலியோ 2 (6.5×21): தட்டான் பார்க்க ஒரு பைனாகுலர்

தட்டான் பார்க்க பைனாகுலர் வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டிய எண், குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். பறவை பார்ப்பவர்கள் கழுத்தில் தொங்கும் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம்) மாடல்களில் பல, 2 மீட்டருக்குள் வந்தால் மங்கிவிடும். பாப்பிலியோ 50 செ.மீ. வரை கிட்டே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 மீட்டரில் 8 மடங்கு என்றால் பூச்சியைக் கண்ணுக்கு 25 செ.மீ. தள்ளிப் பிடித்த மாதிரி. 50 செ.மீட்டரில் 6.5 மடங்கு என்றால் 8 செ.மீட்டருக்கும் குறைவு.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள தர்ஸ்லி காமனில் இதன் அருமை புரியும். ஹீதர் புதர் மண்டிய மணல் பூமி, நடுவே சதுப்பு, அதன் மேல் பலகைப் பாதை. 2020 மே மாதத் தீயில் எரிந்துபோன பாதையைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஏறியதும் தட்டான்கள் அந்தப் பலகையிலேயே வந்து உட்காரும். நின்றபடி குனிந்து பார்த்தால் இடைவெளி ஒன்றரை மீட்டர்தான். சாதாரண பைனாகுலரோடு பின்னால் நகரப் பார்த்தால் சதுப்பில்தான் கால் வைக்க வேண்டும்.

அங்கே சிவப்பு ஊசித்தட்டானில் இரண்டு வகை உண்டு. பெரிய சிவப்புக்குக் கால் கறுப்பு. சின்ன சிவப்புக்குக் காலும் சிவப்பு, இறக்கை நுனிக்கருகே உள்ள பொட்டும் சிவப்பு. நூல் மாதிரி இருக்கும் அந்தக் காலில் வரிசையாக நிற்கும் முள்மயிர்கள்கூட இந்தக் கண்ணாடியில் தெரியும். காமன் டார்ட்டர் என்ற சிவப்புத் தட்டானின் காலில் நீளவாட்டில் ஓடும் மஞ்சள் கோடும் அப்படியே. அதைப் போலவே இருக்கும் ரட்டி டார்ட்டருக்குக் கால் முழுக்கக் கறுப்பு.

கிட்டத்தில் பார்க்கும்போது பல பைனாகுலர்களில் இரண்டு வட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்து கண் வலிக்கும். பாப்பிலியோவில் ஃபோகஸ் சக்கரத்தைக் கிட்டத்துக்குத் திருப்பத் திருப்ப முன்பக்க லென்ஸ்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அதனால் படம் ஒன்றாகவே நிற்கும். இதன் உயிரே இந்த அமைப்புதான்.

பழக்கம் கொஞ்சம் தேவை. ஃபோகஸை முன்கூட்டியே ஒரு மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்டியிட்டு, முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி, சக்கரத்தைத் தொடாமல் உடம்பை மட்டும் மெல்ல முன்னால் சாய்த்துக் கூர்மை பிடியுங்கள். வெயில் முதுகில் விழும்படி போனால் உங்கள் நிழல் முந்திக்கொண்டு போய்ப் பூச்சியைக் கிளப்பிவிடும். பக்கவாட்டு வெயில் நல்லது.

குறைகளும் உண்டு. சக்கரத்தின் சுற்றில் பெரும்பகுதி கிட்டத்துக்கே போய்விடுகிறது. தூரத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். தட்டானை விட்டுவிட்டு, தலைக்கு மேல் அதே தட்டானைக் காலால் பிடித்துப் பறந்தபடியே தின்னும் ஹாபி ராஜாளிக்கு மாற நினைத்தால் ஃபோகஸ் தாண்டிப் போய்விடும். தொலைவில் ஒரு பைன் மரத்தைப் பார்த்துக் கூர்மை பிடித்துவிட்டு வானத்துக்குத் தூக்குங்கள். கோர்ஸ் முள் உச்சியில் வந்து உட்காரும் ஸ்டோன்சாட், டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி போன்ற சின்னப் பறவைகள் 20, 30 மீட்டரில் இருந்தால் திருப்தியாகவே தெரியும். அதற்கு அப்பால் 6.5 மடங்கு போதாது. மழை தாங்காது, வாட்டர்ப்ரூஃப் இல்லை.

8.5×21 மாடலும் இருக்கிறது. 6.5-ஐயே வாங்கச் சொல்வோம். கண்ணில் விழும் ஒளிவட்டம் இதில் 3.2 மி.மீ., அதில் 2.5 மி.மீ. தான், கிட்டத்தில் கை நடுக்கமும் அதில் கூடுதலாகத் தெரியும்.

அந்தி சாய்ந்து பக்கி என்ற இராப்பறவை கத்தும் வரை காத்திருப்பவர்களுக்கு இந்த 3.2 மி.மீ. போதாது. 8×42-ல் அது 5.25 மி.மீ. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இதை ஜாக்கெட் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எடை 300 கிராமுக்குள்தான்.