ஆல்டோவுக்கு டர்போ போட்டேன்: 65,000 ரூபா கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது என்ன?

மட்டக்களப்பில் ஏற்றம் என்று சொல்லக் கல்லடிப் பாலத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? என் எஞ்சின் நாலு மாதம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம். நான் ஏமாந்தது நாலு மாதமாக எனக்கே தெரியாமல் போனதற்கும் அதுவேதான் காரணம்.

கார் 796 சிசி ஆல்டோ. மூன்று சிலிண்டர், ஐம்பதுக்கும் குறைந்த குதிரைவலு. ஏசியைப் போட்டு நாலு பேர் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். ஜப்பான் ஆல்டோ வேர்க்ஸில் 660 சிசி எஞ்சினே, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவோடு 64 குதிரைவலு தருகிறது என்று வாசித்த நாளிலிருந்து எனக்கு ஆசை பிடித்துவிட்டது. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரு கராஜைக் காட்டினார்கள். பாஸ் நல்ல பேச்சுக்காரர். பாவித்த ஜப்பான் டர்போ, குழாய்கள், ஒயில் லைன், கூலி எல்லாம் சேர்த்து 340,000 ரூபா. அதற்குள் 65,000 ரூபா ஒரு 'டியூனிங் பொக்ஸ்' கணக்கு. இரண்டு தீப்பெட்டி அளவு, கறுப்பு எபொக்சி ஊற்றி அடைத்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். "அது நம்மட ரகசியம் தம்பி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

டர்போ சூடாக்கும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர்? "7 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு அதெல்லாம் தேவல்ல." பூஸ்ட் என்றால் டர்போ கூட்டித் தரும் அழுத்தம். பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் மாற்ற வேண்டாமா? "பொக்ஸ் பார்த்துக்கொள்ளும்." எந்தப் பெற்றோல் அடிக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. நான் அடித்தது ஒக்டேன் 92.

வேலை முடிந்த அன்று போனில் ஸ்கேனரைப் போட்டுக் காட்டினார். எஞ்சின் லைட் எரியவில்லை. ஒட்சிசன் சென்சரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஆடியது. "பாருங்க, சென்சர் எல்லாம் பேசுது" என்றார். அடுத்த வாரம் புகைச் சோதனையிலும் கார் பாஸ். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் காட்டியது எல்லாம் கார் நின்ற இடத்தில், ஐட்லிங்கில். அப்போது சிலிண்டருக்குக் காற்றுப் போகும் மெனிஃபோல்டுக்குள் இருப்பது வெற்றிட இழுவைதான். டர்போ வேலைக்கே வந்திருக்காது. டர்போ டியூனிங் சரியா பிழையா என்பதை அங்கே வைத்து ஒருவராலும் சொல்ல முடியாது.

பிறகு ஒரு கலியாணத்துக்குப் பதுளை போனோம். செங்கலடி, மகாஓயா, பிபிலை வரை பறந்தது, பொய் சொல்ல மாட்டேன். லுணுகலைப் பக்கம் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்துக்கொண்டே போகும்போது தகரப் பேணிக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பாட்டை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். நான் சத்தத்தைக் கூட்டினேன். பத்து நிமிடத்தில் இழுவை போய், பின்னால் நீலப் புகை.

லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து வேறொரு பாஸிடம் விட்டேன். வயதானவர், அதிகம் பேச மாட்டார். கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் அழுத்தம் பார்த்தார்: 165 பிஎஸ்ஐ, 160, மூன்றாவதில் 45. பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைக் காட்டினார். மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். "இது கரியில்லை, உங்கட பிஸ்டன்ட அலுமினியம்." திறந்து பார்த்தால் றிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது.

அப்புறம் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சூடுகாட்டிச் சுரண்டினார். உள்ளே ஒரு ரெசிஸ்டர், ஒரு சீனர் டயோட். அவ்வளவுதான்.

டயோட் பிடித்திருந்தது மெப் சென்சரின் வயரை. மெனிஃபோல்டின் அழுத்தத்தை எஞ்சினை ஓட்டும் கொம்பியூட்டருக்குச் சொல்வது அந்த சென்சர்தான். கார் வரும்போதே இருக்கும் சென்சர் வளியமுக்கம் வரை, அதாவது ஏறத்தாழ 100 கிலோபஸ்கால் வரை மட்டும் அளக்கச் செய்யப்பட்டது. 7 பிஎஸ்ஐ பூஸ்ட் வந்தால் உள்ளே இருப்பது 150 கிட்ட. அது தெரிந்தால் கொம்பியூட்டர் கோளாறு என்று லைட்டைப் போடும், இல்லாவிட்டால் எரிபொருளை நிறுத்தும். அதனால் வோல்ட் ஓர் அளவுக்கு மேல் போகாமல் டயோட் அமுக்கிவிடுகிறது. லைட் எரியாததன் ரகசியம் இதுதான். உள்ளே போகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு கணக்கிலேயே இல்லை, அதற்கான பெற்றோலும் இல்லை.

ரெசிஸ்டர் இருந்தது காற்று வெப்பநிலை சென்சர் வயரில். அந்த சென்சர் குளிரக் குளிரத் தடையைக் கூட்டும். நடுவில் ஒரு தடையைச் செருகினால் காற்று குளிர் என்று கொம்பியூட்டர் நம்பி பெற்றோலைக் கூட்டும். எவ்வளவு? 30 பாகைக் காற்றை 0 என்று நம்பவைத்தாலும் பத்துப் பதினொரு வீதம்தான். எஞ்சினுக்கோ ஐம்பது வீதம் கூடத் தேவை. அதைவிட மோசம், குளிர் காற்று என்று நம்பினால் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளவும் மாட்டாது. பூஸ்டில் பின்தள்ளித்தான் ஆகவேண்டும். சென்சரோ இன்னும் ஃபில்டர் பெட்டியில், டர்போவுக்கு முன்னால். இன்டர்கூலர் இல்லாமல் டர்போவைத் தாண்டிய காற்று 80 பாகைக்கு மேல் சுடும். இதெல்லாம் சேர்ந்தால் சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். நான் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான்.

ஆடிய ஒட்சிசன் சென்சரும் உதவாது. ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற விகிதம் 14.7க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும் வகை அது. பூஸ்டில் வேண்டியது 12க்குக் கிட்ட. அதை அளக்க வைட்பேண்ட் சென்சர் வேண்டும். இதையே செய்ய நினைத்தால், பூஸ்டையும் அளக்கும் 2 அல்லது 3 பார் மெப் சென்சரும் பெரிய இன்ஜெக்டரும் டியூன் செய்யக்கூடிய ஈசியூவும் (எஞ்சின் கொம்பியூட்டர்) விலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரோட்டிலோ, காரை நின்ற இடத்திலேயே உருளையில் ஓட்டி அளக்கும் டைனோவிலோ மிதித்து ஓடிய வைட்பேண்ட் பதிவைக் கையில் வாங்காமல் மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம். பெட்டியைத் திறந்து காட்ட மறுத்தால் அங்கிருந்தே திரும்பி வந்துவிடுங்கள்.

என் பில்லில் 'எஞ்சின் வேலை' என்று ஒரே வரி. நுகர்வோர் அதிகார சபைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் காட்டுவதற்கு அந்த ஒரு வரியும் ஒரு டயோட்டும்தான். பெட்டியின் படத்தை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வொய்ஸ் வந்தது:

"நீங்க மலை ஏறப் போறீங்கண்டு எனக்குச் சொல்லல்லயே தம்பி."