தண்டவாளத்தை ஒட்டிய பசுமை பிளாட்: மூன்று வருடம் குடியிருந்து எழுதுகிறேன்

தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடையில் எங்கள் குடியிருப்பு. இரண்டு பிளாக், ஐந்து மாடி, தண்ணீரும் மின்சாரமும் மிச்சமாகும்படி கட்டியதற்குத் தரும் பசுமைச் சான்றிதழ் வாங்கியது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏ பிளாக் மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. பில்டர் பெயரைப் போடவில்லை. ரயில் ஓரம் வீடு பார்க்கிற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. கழிவுநீர் சுத்திகரிப்பு ஒழுங்காக நடக்கிறது, கழிவறை ஃபிளஷுக்குத் தனிக் குழாய் போட்டு அந்தத் தண்ணீரையே ஏற்றுகிறார்கள், அதனால் கோடையில் பக்கத்துக் குடியிருப்புகளில் லாரி வரிசையாக நிற்கும்போது எங்களுக்கு அந்த அளவு தேவைப்படுவதில்லை. மொட்டை மாடி முழுக்க வெள்ளை ஓடு, ஐந்தாம் மாடிக்காரர்களே மே மாதம் இரவு பத்து மணிக்கு மேல் கூரை சூடு தெரியவில்லை என்கிறார்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயம்தான், ஆனால் பல இடங்களில் ஒரு குழாயும் கொஞ்சம் ஜல்லியுமாக முடிந்துவிடும். இங்கே உறைகிணறு மாதிரி ஆழமாகவே தோண்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மனதாரப் பாராட்ட வேண்டும். தண்டவாள மேடு என்பது ஓர் ஏரிக்கரை மாதிரி. மழைத் தண்ணீர் அதைத் தாண்டிப் போக முடியாது, எங்கே மதகு மாதிரி சின்னப் பாலம் இருக்கிறதோ அங்கேதான் வடியும், அதுவரை மேட்டை ஒட்டிய மனைகளில் தேங்கும். இதை யோசித்து அடித்தளத்தை உயர்த்தி, மேட்டை ஒட்டி நீளமாக ஒரு வடிகால் விட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர், எங்கள் வளாகத்துக்குள் ஏறவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டின் ஜன்னலைத் திறக்க முடியாது.

நாங்கள் தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிறோம். கடற்காற்று கிழக்கிலிருந்து, தண்டவாளத்தைத் தாண்டித்தான் வரும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தக் காற்று வந்தால் பால்கனித் துணி பறக்கும், அப்படியொரு காற்று. எதிரே எந்தக் காலத்திலும் கட்டடம் வராது என்று விற்பனையாளர் சொன்னதும் உண்மை. அதை நம்பித்தான் பெரிய படுக்கையறையையும் பால்கனியையும் தண்டவாளத்தைப் பார்க்க வைத்திருக்கிறார்கள், பசுமைக் கணக்கிலும் இயற்கைக் காற்றோட்டம் என்று அதற்கு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்த ஜன்னலைத் திறந்தால் காற்றோடு ரயிலும் உள்ளே வருகிறது. மின்சார ரயில் பெரிய தொல்லை இல்லை, ஒரு வாரத்தில் பழகிவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் நெல்லை, பொதிகை, பாண்டியன் என்று தெற்கே போகும் வண்டிகள் வரிசை கட்டும், நடுராத்திரியில் கூட்ஸ் வண்டி, விடிகாலை நாலு மணியிலிருந்து போனவை எல்லாம் திரும்பி வரும். பக்கத்தில் லெவல் கிராசிங் இருப்பதால் ஒவ்வொன்றும் ஹாரன் அடித்தே ஆக வேண்டும், அது ஓட்டுநரின் கடமை, அவரைக் குறை சொல்ல முடியாது.

போனில் சத்தத்தின் அளவை டெசிபல் கணக்கில் காட்டும் செயலி வைத்து அளந்தேன், சரியான கருவி இல்லை, ஆனாலும் ஓர் அந்தாசு கிடைக்கும். எக்ஸ்பிரஸ் போகும்போது ஜன்னல் திறந்திருந்தால் 80-ஐத் தாண்டியது, மூடினாலும் 65 பக்கம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் சராசரி வரம்பு. அதனால் என்ன ஆகிறது? இரவு முழுக்க ஜன்னலை மூடி ஏசி போடுகிறோம். ஏ பிளாக்கில் தண்டவாளத்தைப் பார்த்த எல்லா வீட்டிலும் இதே கதை. கூரையில் சோலார் தகடு வைத்துப் பொது விளக்குக்கு மிச்சம் பிடித்து, கீழே ஒவ்வொரு வீட்டிலும் எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் அந்தப் பசுமை எங்கே நிற்கிறது என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ரயில் ஓரத்தில் சத்தத்தைத் தனியாகவும் காற்றோட்டத்தைத் தனியாகவும் வடிவமைக்கவே முடியாது, இரண்டும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் வருகின்றன.

மூடியும் ஏன் 65? இதற்கு விடை சொன்னவர் ஜன்னல் வேலை செய்யும் ஒரு தம்பி. வந்ததும் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கவில்லை, “அண்ணா, ஓர் ஊதுபத்தி இருக்கா?” என்றார். பற்றவைத்து, மூடிய ஸ்லைடிங் ஜன்னலின் நடுச்சட்டத்தை ஒட்டி மெதுவாக மேலிருந்து கீழே கொண்டுவந்தார். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை, இரண்டு கதவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சட்டென்று வளைந்து அறைக்குள் திரும்பியது. கீழ்த் தடத்தில் மழைத் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளையருகே இன்னும் வேகமாக. “காத்து வர்ற இடத்துலதான் சத்தமும் வரும்ணா” என்றார். ஸ்லைடிங் ஜன்னலில் கதவு ஓட வேண்டும் என்பதால் இடைவெளி இருந்தே தீரும், பிரஷ் மாதிரி ஒரு மயிர்ப்பட்டைதான் அடைப்பு. கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலில் ரப்பர் பட்டையோடு அழுந்தி மூடும். படுக்கையறைக்கு மட்டும் அப்படி மாற்றி, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி போட்டோம், ஏசிக் குழாய் போகும் ஓட்டையையும் அடைத்தோம். இப்போது அதே செயலியில் 52, 53. ஹாரன் கேட்கும், தூக்கம் கலைவதில்லை. கட்டும்போதே செய்திருந்தால் கூடுதல் செலவு மட்டும்தான், இப்போது உடைத்துச் செய்ததில் சுவர்ப்பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்ந்துகொண்டது.

சுவர் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான சிமென்ட் கல். எடை குறைவு, வெயில் சூட்டை உள்ளே விடாது, அதில் குறை இல்லை. ஆனால் சத்தத்தை நிறுத்த எடைதான் வேண்டும், அதனால் தண்டவாளப் பக்கச் சுவரை மட்டுமாவது கனமான கல்லில் கட்டியிருக்கலாம்.

காம்பவுண்டை ஒட்டி நட்ட மரங்களைக் காட்டி “இது சத்தத்தைத் தடுக்கும் சார்” என்றார்கள். மரம் வேண்டும், நிழலுக்கு வேண்டும், கண்ணுக்கு வேண்டும். ஒற்றை வரிசை மரம் ரயில் சத்தத்தைக் குறைக்காது. சுவர் குறைக்கும், ஆனால் சக்கரத்தையும் உங்கள் ஜன்னலையும் இணைக்கும் நேர்க்கோட்டை அது மறைத்தால்தான். தரைத்தளத்துக்கு மறைக்கும், மூன்றாம் மாடிக்கு மறைக்காது.

இதே வளாகத்து பி பிளாக் வேறு கதை. அங்கே மாடிப்படி, லிப்ட், நடைவழி எல்லாம் தண்டவாளப் பக்கம், அடுத்து சமையலறை, கழிவறை, படுக்கையறைகள் மறுபக்கம். வேண்டுமென்றே செய்தார்களா, மனையின் வடிவத்தால் அமைந்ததா தெரியாது. பி பிளாக் நண்பர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன், ஜன்னல் திறந்தே இருந்தது, மின்விசிறி மட்டும். இரண்டு பிளாக்குக்கும் விலை ஒன்றுதான்! ஒரே பொருளை இடம் மாற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. கிழக்குக் காற்றும் வேண்டுமென்றால் ஹாங்காங்கில் சில பொதுக் குடியிருப்புகளில் ஒரு வகை ஜன்னல் வைக்கிறார்களே, உள்ளும் வெளியுமாக இரண்டு கண்ணாடி, திறப்புகள் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளி, காற்று வளைந்து வரும், சத்தம் வழியில் தேய்ந்துவிடும். அப்படி ஒன்றை இங்கே எந்த பில்டராவது முயன்று பார்த்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

அதிர்வுக்கு, கட்டி முடித்த பிறகு வைத்தியம் கிடையாது. கூட்ஸ் போகும்போது அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். லண்டனில் 1960-களிலேயே சுரங்க ரயிலுக்கு மேல் ரப்பர் தாங்கிகளில் ஒரு குடியிருப்பை நிறுத்தினார்கள், ஆனால் அதை அடித்தளம் போடும்போதே செய்ய வேண்டும். கட்டடத்துக்கு ஆபத்து இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம், எங்களுக்குப் பழகிவிட்டது. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டினால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். எங்களுக்கு இருந்தது, வாங்குகிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தூசி. மின்சாரத் தடம் என்பதால் புகை இல்லை, ஆனால் பிரேக்கும் சக்கரமும் தேய்ந்து வரும் பொடி உண்டு. பால்கனிக் கம்பியை ஈரத்துணியால் துடைத்தால் துருப்பிடித்த நிறம். என் மகள் பிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஜன்னல் திண்டில் இழுத்தாள், அடியில் கறுப்பாக மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. சோலார் தகடுகளிலும் இதே படிவுதான், கழுவாவிட்டால் உற்பத்தி கண்கூடாகக் குறைகிறது. பில்டர் கொடுத்த பராமரிப்புக் கையேட்டில் இது பற்றி ஒரு வரி இல்லை. இப்போது அசோசியேஷனில் வாரம் ஒரு முறை, சுத்திகரித்த தண்ணீரை வடிகட்டிக் கழுவுகிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் இங்கேயே இருக்கிறோம் என்றால், ஸ்டேஷன். நானும் மனைவியும் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய் வருகிறோம், கார் விற்றுவிட்டோம், பைக்கை மாதம் நாலு முறை எடுத்தால் அதிகம். சான்றிதழில் இருக்கும் எல்லாவற்றையும் விட இந்த ஆறு நிமிட நடைதான் எங்கள் வீட்டில் பெட்ரோலையும் புகையையும் குறைத்தது. ஸ்டேஷன் பக்கம் வீடு கட்டுவது சரியான காரியம், நிறையக் கட்ட வேண்டும், அதனால்தான் ஒழுங்காகக் கட்டுங்கள் என்று இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏ பிளாக்குக்கு 5-க்கு 3, பி பிளாக்குக்கு தாராளமாக 4. பார்க்கப் போகிறவர்கள் அவர்கள் கூப்பிடுகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள், இரவு ஒன்பதரைக்குப் போங்கள், படுக்கையறையில் ஜன்னலை மூடி ஒரு வண்டி போகும்வரை நில்லுங்கள், அப்புறம் திறந்து இன்னொரு வண்டிக்கு நில்லுங்கள். கையில் ஓர் ஊதுபத்தி கொண்டு போங்கள். பி பிளாக்கில் இரண்டு வீடு மறுவிற்பனைக்கு வருகிறது என்று காவலாளி அண்ணன் போன வாரம் சொன்னார்.