வலப்பக்கம் மரம், இடப்பக்கம் வினைல்

என் மனையின் வலப்பக்கம் மரவேலி, இடப்பக்கம் வினைல் வேலி. இரண்டும் ஒரே மாதத்தில் நட்டவை. இரண்டுக்கும் இப்போது ஒன்பது வயது. இதை யாரும் அழகு என்று பாராட்டியதில்லை. கையிருப்பும் பொறுமையும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோன ஒருவன் எடுத்த முடிவு அது. ஆனாலும் ஒரே வெயிலில், ஒரே மழையில் இரண்டும் படும் பாட்டை நாள்தோறும் பார்த்துவந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. வேலி போடப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது, எது அதிக நாள் உழைக்கும் என்பதைத்தான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, கெட்டுப்போனால் யார் சரிசெய்வது என்பதை.

வீட்டை வாங்கியபோது சுற்றிலும் பழைய மரவேலி இருந்தது. பலத்த காற்றடித்த ஒரு நாளில் இடப்பக்கம் முழுவதும் வரிசையாகச் சாய்ந்தது. கம்பங்களைத் தோண்டி எடுத்தபோதுதான் மரம் எந்த இடத்தில் சாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆழத்தில் புதைந்திருந்த அடிமுனை கெட்டியாக இருந்தது. பலகை அறைந்திருந்த மேற்பகுதியும் கெட்டிதான். மண்மட்டத்தை ஒட்டி நாலு விரற்கடை உயரத்துக்கு மட்டும், நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. மேலே காற்று உண்டு, ஆனால் நனைந்தது காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் குறைவின்றிக் கிடைக்கும் இடம் மண்மட்டம். போதாக்குறைக்கு, முன்பு கம்பத்தைச் சுற்றிக் கான்கிரீட் போட்டவர் அதன் மேல்முகத்தைக் கிண்ணம்போலக் குழியாக விட்டிருந்தார். ஒவ்வொரு மழைக்கும் கம்பம் அந்தக் கிண்ணத்தில் நின்று ஊறியிருக்கிறது.

அந்தக் கோபத்தில்தான் இடப்பக்கத்துக்கு வினைல் வாங்கினேன். வலப்பக்கத்துப் பழைய வேலியும் அதே கதிக்கு வந்துகொண்டிருந்ததால் அதையும் பிடுங்கினோம். அதற்குள் கோபம் தணிந்துவிட்டது, பணமும் குறைந்துவிட்டது. அங்கே மறுபடி மரமே வந்தது.

வினைல் என்று விற்பவர்கள் சொல்வது பி.வி.சி., அதாவது பாலிவினைல் குளோரைடு. தண்ணீர்க் குழாயின் உடன்பிறப்பு. 1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பவுமன் வினைல் குளோரைடு வாயு அடைத்த குடுவையை வெயில் படும்படி விட்டுவைத்தார். உள்ளே வெண்ணிறத்தில் ஒரு திடப்பொருள் படிந்தது. வெயிலில் பிறந்த அந்தப் பொருளுக்கு வெயில்தான் பெரிய எதிரி என்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாக இருக்கிறது. சூரியனின் புற ஊதாக்கதிர் பட்டுப்பட்டு அது மஞ்சளிக்கும், நொறுங்கும் தன்மையை அடையும். அதைத் தடுக்கத்தான் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்க்கிறார்கள். செலவு குறைய, வெளித்தோலில் மட்டும் அதை மிகுதியாகச் சேர்த்து, உள்ளே மலிவான கலவையை வைத்து ஒரே அச்சில் பிதுக்கி எடுப்பதும் உண்டு. ஆகவே வாங்கும்போது பளபளக்கும் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, அறுத்த முனையைப் பாருங்கள். வெளித்தோல் எவ்வளவு கனம், பலகையின் சுவர் எவ்வளவு கனம் என்பது அங்கே தெரிந்துவிடும். எனக்குக் காட்டிய இரண்டு மாதிரிகளில் ஒன்று கட்டைவிரலால் அழுத்தியதும் உள்வாங்கியது. விலை குறைந்தது அதுதான் என்று சொல்லத் தேவையில்லை. வேலிக்கான பி.வி.சி. பலகைகளுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் எஃப் 964 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பொருள் அதற்கு உட்பட்டதா என்று கேட்டால், விற்பவர் பதில் சொல்லும் வேகத்திலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

நடுவதில் எனக்கு நேர்ந்த வேதனையைச் சொல்ல வேண்டும். வந்த குழுவினர் சுறுசுறுப்பானவர்கள். குளிர்ந்த காலையில் ஆரம்பித்து, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, நண்பகலுக்குள் மூன்று கண்ணி முடித்துவிட்டார்கள் (இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட வேலிப்பகுதி ஒரு கண்ணி). மாலை மூன்று மணிக்குப் பார்த்தால் குறுக்குச்சட்டங்கள் வில்லாக வளைந்து நிற்கின்றன! வினைல் சூட்டில் நீளும். 2.4 மீட்டர் நீளச் சட்டம் 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுத்துத்தான் கம்பத்தின் துளைக்குள் சட்டத்தைச் செருக வேண்டும். இவர்கள் முனையோடு முனை முட்டும்படி இறுக்கிவிட்டார்கள். "வேலி ஆடக்கூடாதே என்று இறுக்கினோம், ஐயா" என்றார் குழுவில் மூத்தவர். நல்ல எண்ணம்தான். மூன்று கண்ணியையும் கழற்றி, முனைகளை அறுத்து, மறுபடி செருகினோம்.

மரம் நீளவாக்கில் அசையாது. அகலத்தில்தான் விரிந்து சுருங்கும். இந்தப் பாடத்தை நானே என் கையால் கற்றேன். வலப்பக்கத்துக்கு வந்த பலகைகள் பதனிடும் நீர்க்கரைசலில் ஊறி, இன்னும் ஈரமாக இருந்தன. மறைவு வேண்டும் என்று நெருக்கி நெருக்கி அறைந்தேன். காய்ந்த பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விரல் நுழையும் சந்து. பக்கத்து வீட்டு நாயின் மூக்கு அதன் வழியாக இன்றும் என்னை விசாரித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி அறைந்திருந்தால் இந்த உறவு ஏற்பட்டிருக்காது.

பதனிட்ட மரம் பற்றி இரண்டு சொல். இதில் செலுத்தப்படுவது பெரும்பாலும் செம்பு கலந்த மருந்து. முன்பு செம்போடு குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கலவையே எங்கும் இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்தக் கலவையில் பதனிடுவது 2003ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. பழைய வேலியைப் பிரிக்கிறவர்கள் அந்தக் கட்டைகளை அடுப்பில் வைக்கக் கூடாது. ஆர்சனிக் சாம்பலில் தங்கும். (வினைல் துண்டையும்தான். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.) புதிய மருந்துகளில் செம்பு அதிகம்; அது சாதாரண இரும்பாணியை அரித்துத் தின்னும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் சரி. பெட்டியில் மிச்சமிருந்த பழைய ஆணிகளை வீணாக்க மனமில்லாமல் நான் அறைந்த இரண்டு பலகைகளில் மட்டும் கறுப்புக் கண்ணீர் வழிந்திருக்கிறது. மருந்தில்லாத மரம் வேண்டும் என்றால் வைரம் பாய்ந்த நடுப்பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். அதைச் சுற்றியிருக்கும் இளம்பகுதிக்கு வெளிறு என்று பெயர். தேக்கே ஆனாலும் வெளிறு வெளிறுதான், மண்ணில் நிற்காது.

பராமரிப்புக்கு வருகிறேன். வினைலின் விளம்பரத் தாளில் ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று இருந்தது. பாதி உண்மை. வெயில் படாத முகத்தில் ஈரம் தங்கிப் பச்சைப் பாசி படர்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் எடுத்துக்கொண்டு போனால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். கரையான் அதைச் சீண்டவில்லை. ஒன்பது ஆண்டுகளில் வெண்மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, அதுவும் புதுப் பலகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

மரவேலி என்னிடம் வாங்கிய வேலை வேறு. முதலில் பெயின்ட் அடித்தேன், வெள்ளை வெளேரென்று. இடப்பக்கத்து வினைலோடு போட்டி போடட்டும் என்ற அற்ப ஆசை. மூன்றாம் ஆண்டு அது தோல் தோலாக உரிந்தது. பெயின்ட் மேலே படலமாக நிற்கும். வெட்டுமுகத்தின் வழியாக உள்ளே போன ஈரம் வெளியே வர முயலும்போது அந்தப் படலத்தைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு வாரம் சுரண்டினேன். சுரண்டப் பொறுமையில்லாமல் வேகநீர் பீய்ச்சும் கருவியை வைத்துப் பார்த்ததில் மரத்தின் நாரே பெயர்ந்தது. அந்த ஒரு கண்ணி இன்றும் பூனை பிறாண்டியதுபோல இருக்கிறது. அதற்குப் பிறகு எண்ணெய்ச் சாயம்தான். அது உள்ளே இறங்கும், உரியாது, வெறுமனே வெளிறும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மேலே இன்னொரு பூச்சு போட்டால் போதும். பலகையின் உச்சியிலும் அடியிலும் உள்ள வெட்டுமுகங்களுக்கு இரண்டு பங்கு கொடுக்க வேண்டும். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான். சாயமே பூசாமல் விட்டாலும் மரம் உடனே செத்துவிடாது. மேற்பரப்பில் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் வெயிலில் சிதைந்து சாம்பல் நிறமாகும். அந்த நிறம் எனக்குப் பிடிக்கும். வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது.

இதுவரை கணக்குப் பார்த்தால் வினைல் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆறாம் ஆண்டில் புல்வெட்டும் எந்திரம் ஒரு கல்லைத் தெறித்துவிட்டது. வினைல் பலகையில் ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதிலிருந்து இரண்டு சாண் நீளத்துக்கு விரிசல். வினைல் பலகை உள்ளே வெற்றிடம். அடி வாங்கினால் மரம்போலப் பள்ளமாகாது, உடையும். குளிர் நாட்களில் இன்னும் எளிதாக உடையும். சரி, ஒரு பலகைதானே, மாற்றிவிடலாம் என்று விற்ற இடத்துக்குப் போனேன். தயாரிப்பாளர் அச்சை மாற்றிவிட்டாராம். புதுப் பலகையின் நாக்கு என் பழைய பலகையின் காடியில் உட்காரவில்லை, ஒரு சுண்டுவிரல் நகக்கன வித்தியாசம். முழுக் கண்ணியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுக் கண்ணி வாங்கினால் குறுக்குச்சட்டத்தின் துளையும் வேறு. அப்படியென்றால் கம்பமும் வேறு. ஒரு கல்லுக்காக வேலியையே மாற்றும் நிலை. கடைசியில் கொட்டகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி முன்னால் போட்டேன். மூலையில் இப்போது ஒரு தகரம் நிற்கிறது.

அதே ஆண்டு வலப்பக்கத்தில் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்து மூன்று பலகைகளையும் ஒரு சட்டத்தையும் நொறுக்கியது. மரவாடிக்குப் போய் ஏறக்குறைய அதே கனத்தில் நான்கு துண்டு வாங்கி வந்து, ரம்பமும் சுத்தியலும் எடுத்து, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன். நிறம்தான் ஒட்டவில்லை. அடுத்த சாயப்பூச்சில் அதுவும் மறைந்துவிட்டது.

இதனால்தான் முதலில் சொன்ன கேள்வி. மரம் சிறுகச் சிறுகக் கெடும், முன்கூட்டியே முனகும், எந்த ஊர்த் தச்சரும் கை வைக்கலாம். வினைல் பல ஆண்டு வாய் திறக்காது. திறக்கும் நாளில் அந்த ஒரே தயாரிப்பாளரைத் தேடிப் போக வேண்டும். வினைல் வாங்குகிறவர்கள் முதல் நாளே இரண்டு பலகை, ஒரு சட்டம், ஒரு கம்பத்தொப்பி கூடுதலாக வாங்கி நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாசற்கதவை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். வினைல் கதவு தொங்கும் கம்பத்துக்குள் எஃகோ அலுமினியமோ செருகாவிட்டால் ஓராண்டுக்குள் தாழ்ப்பாள் துளையைச் சந்திக்காது. என் கதவுக்கு அப்படி ஆன பிறகுதான் செருகினோம். மரக்கதவுக்குக் குறுக்குக்கட்டை கீழ்க்கீல் பக்கத்தில் தொடங்கி மேலே தாழ்ப்பாள் பக்கத்துக்கு ஏற வேண்டும். தலைகீழாக அடித்திருக்கும் கதவுகளைத் தெருவுக்கு இரண்டு பார்க்கிறேன்.

இன்னொன்று, எதிரே இருக்கும் சன்னல். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி வெயிலைக் குவித்து அடித்தால் வினைல் நெளியும். என் வேலியில் ஒரு கண்ணி அப்படி நெளிந்திருக்கிறது. முதலில் பொருளைத் திட்டினேன், பிறகுதான் மாலை வெயிலில் அந்த ஒளிப்பட்டை விழும் இடத்தைக் கவனித்தேன். அடர்நிற வினைல் இன்னும் சூடேறும். வெள்ளையோ வெளிர்நிறமோ எடுப்பது நல்லது.

கம்பம் எதுவானாலும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும், குழியின் அடியில் சரளை கிடக்கட்டும், கான்கிரீட்டின் மேல்முகம் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரியட்டும். சந்தில்லாத வேலி காற்றை முழுவதும் மார்பில் வாங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. என் பழைய வேலி விழுந்ததும் அப்படித்தான்.

மதிப்பெண் கேட்டால், வினைலுக்கு ஐந்துக்கு மூன்றரை, மரத்துக்கும் மூன்றரை. இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நான் நாளைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒரே பதிலாகச் சொல்லு" என்றார். அவர் வீட்டுப் பின்பக்க வேலிக்கும் அடுத்த மனையின் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடம்தான். தூரிகையோடு ஆள் நுழைய முடியாது. அங்கே வினைல் போடச் சொன்னேன். முன்பக்கம் குழந்தைகள் பந்தாடும் இடம், அங்கே மரம். "கடைசியில் என் வீடும் உன் வீடு மாதிரி ஆகிவிடும்போல" என்று முணுமுணுத்துக்கொண்டே அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.