நிறுத்தாமல் நகர்த்த ஒருமுறை நிறுத்த வேண்டும்: கியூஎமுவின் டர்ட்டி ரிங், மூன்று மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்ட்டி ரிங் காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல; ஓடும் மெய்நிகர் கணினியை வேறு சர்வருக்கு நகர்த்தும்போது நினைவகத்தில் எது மாறியது என்று குறித்துவைக்கும் முறை. கேவிஎம், கியூஎமு என்ற மென்பொருள்களை வைத்து மெய்நிகர் கணினிகளை (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) ஓட்டுபவர்களுக்கு ஏற்கெனவே கையில் இருக்கிற வசதிதான். லினக்ஸ் 5.11 கெர்னலிலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கியூஎமு 6.1 பதிப்பிலும் 2021-இலேயே வந்துவிட்டது. நான்தான் தாமதம். ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்டவேண்டும் என்று இருந்தேன்.

நோண்ட வைத்தது ஒரு மாதக் கடைசி இரவு. 256 ஜிபி நினைவகமும் 32 மெய்நிகர் செயலிகளும் கொண்ட தரவுதளக் கணினி ஒன்றை, பழுது காட்டத் தொடங்கிய சர்வரிலிருந்து வேறொன்றுக்கு ஓட்டத்திலேயே நகர்த்த வேண்டியிருந்தது. இடையில் 10 கிகாபிட் இணைப்பு. கணக்குப்படி முழு நினைவகமும் ஒருமுறை போய்ச்சேர நான்கு நிமிடம்கூட ஆகாது. இரவு 11 மணிக்குத் தொடங்கினோம். 1 மணிக்கு, "அக்கா, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்றான் உடன் இருந்த பையன்.

காரணம் புதியதல்ல. நகல் எடுக்க எடுக்க, உள்ளே ஓடும் கணினி நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறது. நினைவகம் 4 கேபி துண்டுகளாக, அதாவது பக்கங்களாகப் பிரிந்திருக்கும். எழுதப்பட்ட பக்கங்களை 'அழுக்கு' என்று குறித்துவைத்து மறுபடி அனுப்ப வேண்டும். அனுப்பும் வேகத்தைவிட அழுக்காகும் வேகம் கூடிவிட்டால் முடிவே கிடையாது. அதற்கு மருந்தாக நாங்கள் இயக்கியிருந்தது கியூஎமுவிலேயே உள்ள ஆட்டோ கன்வர்ஜ் என்ற வசதி. செயலிகளின் நேரத்தில் முதலில் 20 சதவீதத்தைப் பிடுங்கும். போதாவிட்டால் பத்துப் பத்தாக ஏற்றி 99 வரை போகும். எழுதுகிறவன், வாசிக்கிறவன் என்ற பேதம் அதற்குக் கிடையாது. எல்லாச் செயலிக்கும் ஒரே அடி. ஓர் எழுத்துகூட எழுதாமல் வெறுமனே தரவைப் படித்துக்கொண்டிருந்த மாதாந்திர அறிக்கைகள் அன்று மூச்சுத் திணறின. ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் கிடைத்த வசவை இங்கே எழுதப்போவதில்லை.

டர்ட்டி ரிங் என்ன செய்கிறது என்பதை மொய் நோட்டை வைத்துச் சொன்னால் எளிது. பழைய முறையில் ஊர் முழுவதற்கும் ஒரே பேரேடு; எல்லோர் பெயரும் அச்சிட்டிருக்கும், மொய் வைத்தவர் பெயருக்கு எதிரே ஒரு டிக். யார் வைத்தார்கள் என்று அறிய, பத்துப் பேர் மட்டும் வந்திருந்தாலும் பேரேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டியாக வேண்டும். எங்கள் 256 ஜிபியில் 4 கேபி பக்கங்கள் 6 கோடியே 71 லட்சம். பக்கத்துக்கு ஒரு பிட் வீதம் அந்தப் பேரேடு, அதாவது பிட்மேப், 8 எம்பி. ஒவ்வொரு சுற்றிலும் அதை முழுதாகக் கெர்னலிடமிருந்து வாங்கி அலச வேண்டும். புதிய முறையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன நோட்டு. வந்தவர் பெயர் மட்டும் வரிசையாக ஏறும். ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தனி நோட்டு; அதுதான் ரிங், அதாவது வளையம். ஒரு பெயருக்கு 16 பைட். நோட்டு நிறைந்துவிட்டால் கணக்குப்பிள்ளை வந்து குறித்துக்கொண்டு போகும்வரை அந்த மேசையின் வரிசை மட்டும் நகராது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த மதிப்புரை. அதிகம் எழுதுகிற செயலியின் வளையம் சீக்கிரம் நிறைகிறது, அதுதான் நிற்கிறது. வாசிக்கிற செயலியின் வளையம் காலியாகவே கிடக்கிறது. அது பாட்டுக்கு ஓடுகிறது. இதன் மேல் கட்டப்பட்டதுதான் கியூஎமு 8.1-இல் இடமாற்றத்தோடு இணைந்த டர்ட்டி லிமிட். ஒரு செயலி வினாடிக்கு இத்தனை எம்பிக்கு மேல் அழுக்காக்கினால், வளையம் நிறையும் தருணத்தில் அதைத் தூங்கவைக்கும். ஆட்டோ கன்வர்ஜையும் இதையும் ஒன்றாக இயக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தயங்கவில்லை.

ஆனால் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு செயலிக்கு வினாடிக்கு 1 எம்பி. தரவுதளத்துக்கு அது பட்டினி. ஒரு சோதனைக் கணினியில் அப்படியே விட்டுப் பார்த்தேன். எழுதும் வேலைகள் எறும்பாக ஊர்ந்தன. இணைப்பின் வேகத்தைச் செயலிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதில் பாதியை வரம்பாக வைத்தேன். அதன் பிறகுதான் சரிப்பட்டது. இப்படி ஒரு கணக்கை ஆவணத்திலேயே ஒரு வரியில் போட்டிருக்கலாம்.

வளையத்தின் அளவு இன்னொரு தலைவலி. 1024 முதல் 65536 பெயர்கள் வரை, இரண்டின் அடுக்குகளாக வைக்கலாம். பெரியதுதான் நல்லது என்று நினைத்து நேராக 65536 போட்டேன். ஒரு செயலி 256 எம்பி எழுதிய பிறகுதான் வளையம் நிறைந்தது. அதுவரை கட்டுப்பாடே இல்லை, பிறகு ஒரு நீண்ட தூக்கம். பிரேக்கைத் தாமதமாக மிதிக்கிற பஸ் ஓட்டுநரின் பின்னால் நிற்பதுபோல இருந்தது. 4096-க்கு இறங்கினேன். 16 எம்பிக்கு ஒருமுறை நிறைகிறது. நிறுத்தங்கள் சிறியவை, அடிக்கடி வருபவை, பயனர் கண்ணில் படாதவை. நினைவகச் செலவும் 32 செயலிகளுக்கும் சேர்த்து 2 எம்பிதான்.

இனி என் பெரிய புகார். இந்த வளையம் மெய்நிகர் கணினி தொடங்கும்போதே அமைக்கப்பட வேண்டும். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் வழியாக என்றால் 8.0 பதிப்பிலிருந்து கணினியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி உயிர்பெற, ஓடும் கணினியை முழுதாக அணைத்து எழுப்ப வேண்டும். அளவை மாற்றவும் அப்படியே. நிறுத்தாமல் நகர்த்துவதற்கான வசதியைப் பெற நிறுத்த வேண்டும்! இதை எங்கள் மேலாளருக்கு விளக்கியபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஞாயிறு அதிகாலை அரை மணி நேரம் கொடுத்தார்.

அதற்கடுத்த மாதக் கடைசியில் அதே கணினியை, அதே பளுவோடு நகர்த்தினேன். 11 நிமிடத்தில் போய்விட்டது. அறிக்கைகள் ஓடியபடியே இருந்தன. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதே ஞாயிறன்று கியூஎமுவையும் புதிய பதிப்புக்கு ஏற்றியிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்று பையனுக்குப் பாடம் எடுப்பவள் நான்தான்.

எல்லாக் கணினிக்கும் இதைப் போடாதீர்கள். 4 ஜிபி இணையக் கணினி ஒன்றில் வைத்துப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. அதன் பிட்மேப்பே மொத்தம் 128 கேபிதான், அலச என்ன இருக்கிறது? நினைவகம் சிறிதாகவும் அதை முழுக்கச் சுற்றிச்சுற்றி எழுதும் வேலையாகவும் இருந்தால் பழைய பேரேடே மேல். ஊரே மொய் வைக்க வந்துவிட்டால் சின்ன நோட்டுகளைச் சேகரிப்பதே பெரும் வேலை. ரிங்கை உருவாக்கிய ரெட் ஹாட் நிறுவனத்தின் பீட்டர் ஷுவும் இதை எல்லாவற்றுக்குமான மாற்றாக முன்வைக்கவில்லை.

இன்னொன்றும் இதனால் தீராது. கண்காணிப்பு தொடங்கியதும் 2 எம்பி பெரும் பக்கம் ஒவ்வொன்றும் 512 சிறு பக்கங்களாக உடைகிறது. அந்த உடைப்பின் சுமை, ரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. போட்டி நிறுவனமான விஎம்வேர் 2020-இல் தன் விஸ்பியர் 7 மென்பொருளில் வேறு வழியில் போனது: தடம் பிடிக்கும் வேலையை ஒரே ஒரு மெய்நிகர் செயலியிடம் ஒப்படைத்து, மற்றவற்றைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டது. பொறாமையாகத்தான் இருக்கிறது. உரிமக் கட்டணத்தைப் பார்த்ததும் அது தணிந்துவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பிடித்துவைத்த ஒன்று அந்த மறுதொடக்கத்துக்காக. எங்களிடம் இதேபோல் இன்னொரு தரவுதளக் கணினி இருக்கிறது, இன்னும் பழைய பேரேட்டோடு. அதை அணைத்து எழுப்ப அனுமதி கேட்டு ஐந்து வாரம் ஆகிறது.