ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்

ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு 2007-இல் இருந்த வடிவத்தை அடிப்படையாக வைத்து 2013-இல் வெளியான விளையாட்டு இது. கிராபிக்ஸ் பழசுதான். ஆனால் சாதாரண கணினியிலும் போனிலும் ஒரே கணக்கில் தடங்கலில்லாமல் ஓடும்.

இதன் பலம் குவெஸ்ட்கள், அதாவது கதையோடு வரும் பணிகள். 'இருபது எலி கொன்று வா' ரகம் குறைவு. புதிர், வசனம், நக்கல் எல்லாம் உண்டு. சந்தா கட்டியவர்கள் முதலில் 'வாட்டர்ஃபால் குவெஸ்ட்' முடிப்பது நல்லது. சண்டையே போடாமல் அட்டாக், ஸ்ட்ரெங்த் என்ற சண்டைத் திறன்கள் இரண்டும் 1-லிருந்து 30-ஆம் லெவலுக்குத் தாவும். கயிறு ஒன்று, காற்று, நீர், மண் ரூன்கள் (மந்திரக் கற்கள்) ஆறாறு, கொஞ்சம் சாப்பாடு போதும். பலர் சறுக்குவது இந்தக் குவெஸ்டில் வரும் கிளாரியலின் கல்லறையில்: ஆயுதம், கவசம், ரூன் எதைக் கொண்டுபோனாலும் உள்ளே விடாது. அவற்றையெல்லாம் பேங்கில் (பொருட்களைச் சேமிக்கும் இடம்) போட்டுவிட்டுப் போக வேண்டும். கடைசிக் குகையில் 86-ஆம் லெவல் தீ அரக்கர்கள். நின்று அடிக்காமல் ஓடிவிடுங்கள்.

எரிச்சல் தருவது அரைத்த மாவையே அரைக்கும் வேலை. ஒரு திறனில் 99-ஐத் தொட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதில் பாதி கிடைப்பதே 92-ஆம் லெவலில்தான்! பையில் 28 இடம் மட்டுமே என்பதால் பேங்குக்கு நடையாய் நடக்க வேண்டும். ஒவ்வொரு செயலும் 0.6 விநாடித் துடிப்பில் நடப்பதால், இணையம் இழுத்தால் பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் பிரேயர் (பாதுகாப்பு தரும் பிரார்த்தனை) மாற்றுவது தவறிவிடும். செத்தால் பொருட்கள் பெரும்பாலும் உங்கள் கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும். மற்ற ஆட்டக்காரர்கள் தாக்கக்கூடிய வைல்டர்னஸ் பகுதியில் அந்தச் சலுகையை நம்ப வேண்டாம், இழந்தால் வருந்தாத பொருளோடு மட்டும் போங்கள்.