எல்எஸ்ஐ 9211-8ஐ: ஃபைல் சர்வருக்கு இந்தப் பழைய கார்டு தாங்குமா?

மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகள் தீர்ந்த பிறகும் எட்டு ஹார்ட் டிஸ்க் சேர்க்க வேண்டுமா? இப்போதும் என் முதல் சிபாரிசு இந்தக் கார்டுதான். சாஸ்2008 சிப், பிசிஐஇ 2.0 எக்ஸ்8. எட்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் நொடிக்கு 250 எம்பி வீதம் ஓடினாலும் 2 ஜிபிதான். ஸ்லாட் ஏறக்குறைய 4 ஜிபி தாங்கும். பெரும்பாலான லினக்ஸ் வகைகளிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் டிரைவரைத் தேட வேண்டியதில்லை.

கார்டு ஐஆர் ஃபர்ம்வேரோடு (கார்டே ரெய்டு செய்யும் வகை) வந்தால் ஐடி ஃபர்ம்வேருக்கு (டிஸ்க்கை அப்படியே காட்டும் வகை) மாற்றுங்கள். பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக (பூல்) நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைக்கு டிஸ்க் நேரடியாகத் தெரிய வேண்டும். அப்படி வைத்தால், நாளைக்குக் கார்டு செத்தாலும் டிஸ்க்குகளை வேறொரு ஐடி கார்டில் மாட்டி பூலை இம்போர்ட் செய்துவிடலாம். ஹார்ட்வேர் ரெய்டு கார்டு போனால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஐடி ஃபர்ம்வேரின் பதிப்பு 20.00.07.00 ஆக இருக்கட்டும். இந்த 20-ஆம் (பி20) வரிசையின் தொடக்கப் பதிப்புகள் தொல்லை கொடுத்தவை. ஃப்ளாஷை அழிக்கும் முன் கார்டின் ஸ்டிக்கரில் உள்ள சாஸ் முகவரியை (அதன் தனி அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு புதியது ஏறி முடியும்வரை ரீபூட் கூடவே கூடாது.

இதன் உண்மையான பலவீனம் சூடு. சர்வர் பெட்டியின் வேகமான காற்றை நம்பிச் செய்த கார்டு இது. நிமிடத்துக்கு 200 அடி காற்றோட்டம் கேட்கிறது. சாதாரண டவர் கேபினெட்டில், கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில், அது கிடைக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஸ்க்ரப் (பூலின் தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட ஆரம்பித்து ஓரிரண்டு மணி நேரத்தில் நான்கைந்து டிஸ்க் ஒன்றாக இணைப்பிலிருந்து விழும். டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நாளில் கெடாது. சந்தேகம் கார்டின் மேலும் பவர் சப்ளை மேலும் போகட்டும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிரும். துடைத்துப் புதிதாகத் தடவி, 40 மிமீ ஃபேன் ஒன்றை ஹீட்சிங்க் மேலேயே பொருத்துங்கள். மலிவாகத் தீரும் வேலை, தள்ளிப்போட வேண்டாம்.

ஒரே ஒரு டிஸ்க் மட்டும் முரண்டு பிடித்தால் டிஸ்க் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில் 199-ஐ (தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான். ஏறிய எண் இறங்காது. கேபிளை மாற்றிய பிறகு அங்கேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். கேபிள் வாங்கும்போது எஸ்எஃப்எஃப்-8087 முனை கார்டுப் பக்கம், நான்கு சாட்டா முனை டிஸ்க் பக்கம் போகும் 'ஃபார்வர்ட்' வகையாகக் கேளுங்கள். 'ரிவர்ஸ்' வகை பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் டிஸ்க் தெரியாது.

எஸ்எஸ்டி இருந்தால் அதை மதர்போர்டு போர்ட்டிலேயே விடுங்கள். இந்தக் கார்டில் டிரிம் (அழித்த தரவு இருந்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) எல்லா எஸ்எஸ்டிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது.