நனோ வெள்ளி ஜெல்லும் சிவப்பு விளக்கும்: ஒரே பெட்டியில் இரு தரம்

கல்முனையில் மருத்துவ உபகரணங்கள் விற்கும் கடையொன்றில் ‘நனோ ஒளி வெப்ப சிகிச்சை’ என்ற பெயரில் ஒரு பெட்டி விற்பனைக்கு உள்ளது. நனோ வெள்ளி கலந்த ஜெல் ஒன்றும், மேசையில் வைக்கக்கூடிய 150 வாட் இன்பிராரெட் விளக்கொன்றும் அதற்குள் இருக்கின்றன. அன்டிபயாட்டிக்குக்கு மசியாத கிருமிகளையும் புண்ணுக்குள்ளேயே சுட்டுக் கொன்றுவிடும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். சீனி வருத்தத்தால் பாதத்தில் புண் வைத்து, சீழ்ப் பரிசோதனையில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல அன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத ஒரு பற்றீரியா) என்று முடிவு வந்திருந்த எங்கள் பெரியம்மாவுக்காக இதை வாங்கினோம்.

ஜெல்லைப் பற்றி அதிகம் குறை சொல்வதற்கில்லை. வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. துணிக்கைகள் நனோ அளவில் இருப்பதால் மேற்பரப்பு பெருகி, அயன்கள் தொடர்ந்து வெளியேறுகின்றன. சேலைன் நீரால் கழுவி, மெல்லிதாகப் பூசி, துணி வைத்துக் கட்டியபோது, அடுத்த தடவை கட்டு புண்ணோடு ஒட்டாமல் இலகுவாகக் கழன்றது, நாற்றமும் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்தையும் அவர் உட்கொண்டு வந்ததால், முழுப் பெருமையையும் ஜெல்லுக்குக் கொடுப்பது நியாயமாகாது.

விளக்குத்தான் பிரச்சினை. பெட்டி பெயர் கடன் வாங்கியிருக்கும் ஒளி வெப்ப சிகிச்சை உண்மையான ஆராய்ச்சித் துறைதான். தங்க நனோ கோல்கள், கிரபீன் ஒக்சைட், பொலிடோபமீன் போன்ற, ஒளியை உறிஞ்சிச் சூடாகும் நுண்துணிக்கைகளைப் புண்ணில் சேர்த்து, அவை நன்கு உறிஞ்சும் அலைநீளத்தில், பெரும்பாலும் 808 நனோமீற்றர் லேசரை, அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். துணிக்கை இருக்கும் இடத்தில் மட்டும் வெப்பநிலை 50 பாகை செல்சியசைத் தாண்டும்போது பற்றீரியாவின் மென்சவ்வு கிழிந்து, புரதங்கள் உருக்குலைகின்றன. மருந்தைச் சிதைக்கும் நொதியை வைத்திருக்கும் கிருமிக்கும் அந்த நொதி இங்கே கைகொடுக்காது. ஆயினும் கிருமித் தொற்றைப் பொறுத்தவரை இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத்தையும் எலிகளையும் தாண்டவில்லை. புற்றுநோயில் சற்று முன்னேற்றம் உண்டு: தங்கம் பூசிய சிலிக்கா துணிக்கைகளைக் கொண்டு புரொஸ்டேட் புற்றுநோயாளர் 16 பேரிடம் நடத்திய ஆரம்பப் பரிசோதனை 2019இல் வெளியானது.

இந்தப் பெட்டியில் அந்தப் பொருத்தமே இல்லை. சிறிய உருண்டை வடிவ வெள்ளித் துணிக்கைகள் உறிஞ்சுவது 400 நனோமீற்றரை அண்டிய ஊதா நீல ஒளியை. விளக்கு பெருமளவில் உமிழ்வதோ இன்பிராரெட் கதிரை. ஆகவே ஜெல் பூசினாலும் பூசாவிட்டாலும் விளக்கின் சூடு தோல், சதை, கிருமி என்ற பேதமின்றி எல்லாவற்றின்மீதும் விழுகிறது; கிருமி சாகுமளவுக்குச் சூடேற்றினால் பாதம் முதலில் வெந்துவிடும். சீனி வருத்தக்காரருக்கு நரம்பு மரத்து, சூடு தெரியாமல் போயிருக்கலாம் என்ற எச்சரிக்கை துண்டுப்பிரசுரத்தின் எந்த மூலையிலும் கிடையாது. பிரசுரத்தில் சொன்ன தூரத்தில்தான் விளக்கை வைத்தோம். “சூடு ஒண்டும் தெரியல்ல மகன்” என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கையில், புண்ணைச் சுற்றிய தோல் சிவந்து, தொட்டால் கொதித்தது. மறுநாள் மருந்து கட்ட வந்த மிஸ், பாதத்தைப் பார்த்த கையோடு விளக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

விலையின் பெரும்பங்கு விளக்குக்கே போகிறது. ஜெல்லைத் தனியாகத் தர மாட்டார்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பதிவு இலக்கமும் பெட்டியில் காணப்படவில்லை, கேட்டபோது கடைக்காரர் பேச்சை மாற்றினார். இத்தகைய புண்ணுக்கு வெள்ளி கலந்த மருந்து தேவையென்று வைத்தியர் சொன்னால், பதிவுபெற்றதை மட்டக்களப்பு நகரின் பாமசிகளிலேயே விசாரித்து வாங்கிக்கொள்ளலாம். விளக்கை மட்டும் திருப்பித் தரப் போனபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று ஏற்க மறுத்தார்கள். இப்போது அது அத்தானின் இடுப்பு நோவுக்குப் பயன்படுகிறது. அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது.